உறையுளும் உரிமையும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்தரின் அடிப்படைத் தேவைகள் என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர். மூன்றும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டாலும் அவற்றின் இயல்பு ஒன்றன்று. உணவு உண்டவுடன் தீர்வது. உடை உடுத்தியவரோடு தேய்வது. உறையுளோ ஒருவரது வாழ்நாளையும் கடந்து நிற்பது. பிறப்பும் மணமும் நோயும் இறப்பும் அதனுள்ளேயே நிகழ்கின்றன. உணவில்லாதவருக்கு ஒரு வேளைச் சோறு தந்து பசியாற்றலாம். வீடில்லாதவருக்கு ஓர் இரவு இடந்தந்து அவரை வீடுள்ளவராக்க இயலாது.

இல்லத்திற்கும் அறத்திற்கும் உள்ள தொடர்பை நன்குணர்ந்த மொழி தமிழ். குடும்ப வாழ்வுக்கு அது இல்லறம் என்று பெயரிட்டது. உயிர் அடையும் முடிந்த பேற்றுக்கும் வீடு என்றே பெயர் சூட்டியது. திருவள்ளுவர் இல்வாழ்க்கையைப் பற்றிக் கூறிய பின்னரே விருந்தோம்பலைப் பற்றிக் கூறுகிறார். அவ்வைப்பு முறை கருதத்தக்கது. விருந்தினரை எதிர்கொள்ள வாயில் வேண்டும். அமர்த்தத் திண்ணை வேண்டும். உணவு சமைக்க அடுப்பு வேண்டும். ஆதலின் வீடு என்பது ஒருவர் பெற்றுக்கொள்ளும் பொருள் மட்டுமன்று. பிறர்க்குக் கொடுப்பதற்காக அவர் காலூன்றி நிற்கும் இடமும் ஆகும். வீட்டை இழந்தவர் கூரையை இழப்பதோடு, கொடுக்கும் நிலையிலிருந்து கேட்கும் நிலைக்கும் தாழ்கிறார்.

இவ்வுண்மையை ஏற்பவர் முன் ஒரு வினா எழும். ஒரு நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்து, அந்நிலத்து வீட்டிலேயே பிறந்து வளர்ந்து முதுமையெய்திய ஒருவருக்கு, அந்நிலம் கைமாறும்போது உறையுள் கேட்கும் உரிமை உண்டா? அன்றி, அவருக்குக் கிடைப்பதெல்லாம் இரக்கமுடையார் இடும் கொடைதானா? மலேசியத் தோட்டப்புறத் தமிழரின் வாழ்வில் இவ்வினா ஏட்டளவில் நின்ற ஒன்றன்று. கெடா மாநிலத்து மெர்போக் வட்டாரம் இதனை ஆழ எண்ணுதற்கு ஏற்ற இடமாகும்.

பதிவேடு அறியாதவை

மெர்போக், ஜெராய் மலையின் தென்னடிவாரத்தில் அமைந்த சிற்றூர். 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை பண்டைக் கடலோடிகளுக்கு வழிகாட்டியாக விளங்கியது. மலைக்குத் தெற்கே மெர்போக் ஆறு அலையாத்திக் காடுகளினூடே சென்று கடலிற் கலக்கிறது. பட்டினப்பாலை குறிக்கும் காழகம் கடாரமே எனவும், கடாரம் இவ்வட்டாரமே எனவும் அறிஞர் பலர் கொள்வர். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்ற செய்தியைத் தமிழ் மாணவர் வரலாற்று நூல்களிற் பயில்கின்றனர்.

மெர்போக்கை அடுத்த பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி என வழங்கும் பழங்கோயில்களின் அடித்தளங்கள் பல கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பெரியதான புக்கிட் பத்து பகாட் சண்டி 1959, 1960ஆம் ஆண்டுகளில் சீரமைக்கப்பட்டது. அங்கே இன்று காணப்படுவது கல்லாலாகிய தளமும் தூண்களைத் தாங்கிய கற்களுமே. மரத்தாலாகிய தூண்களும் கூரையும் காலத்தால் மறைந்தன. கல்லைச் சுமந்தோரும் செதுக்கியோரும் எங்கே குடியிருந்தனர் என்பதைக் காட்ட அம்மலைச்சாரலில் ஒரு சுவரும் எஞ்சவில்லை. வழிபாட்டிடம் நின்றது, உழைத்தோரின் உறைவிடம் மண்ணோடு மண்ணாயிற்று.

2013ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. சுங்கை பத்துப் பகுதியில் முன்னர்த் தோட்டமாக இருந்த நிலத்தில், பதினோராம் எண்ணிட்டு ஆய்வாளர் அடையாளங்கண்டிருந்த சண்டி ஒன்று, வீடமைப்புப் பணிக்காக நிலம் சமன்செய்யப்பட்டபோது இடித்தகற்றப்பட்டது. அவ்விடம் தனியார் நிலம் எனவும், பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்படாதது எனவும் விளக்கம் தரப்பட்டது. அறிஞர் வருந்தினர், செய்தித்தாள்கள் கண்டித்தன. ஆயினும் விளக்கத்தின் அடிப்படையை மறுத்துரைக்க எவராலும் இயலவில்லை. பதிவேட்டில் நில உரிமையாளரின் பெயர் இருந்தது. சண்டியின் பெயர் இல்லை.

ஆயிரம் ஆண்டு நின்ற கற்கோயிலுக்கே இந்நிலையாயின், பலகையாலும் துத்தநாகத் தகட்டாலும் அமைந்த லயத்து வீட்டின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. பதிவேடு நிலத்தை விலை கொடுத்து வாங்கியவரை அறியும். அதில் வாழ்ந்தவரை அறியாது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பிளவே தோட்டப்புற வீட்டுச் சிக்கலின் வேர்.

கூலியின் ஒரு பகுதி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பெருந்தொழிலாக வளர்ந்தபோது தமிழகத்திலிருந்து தொழிலாளர் திரள்திரளாகக் கொணரப்பட்டனர். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. கங்காணி முறை அதன்பின்னும் தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை அவ்வோட்டம் நிற்கவில்லை. காடழித்த இடத்தில் மரம் நட்டோரை அம்மரத்தின் அருகிலேயே தங்கவைப்பது நிருவாகத்திற்கு இன்றியமையாததாயிற்று. விடியுமுன் பிரட்டுக்கு வரவேண்டியவர் தொலைவில் வாழ இயலாது. எனவே லயங்கள் எழுந்தன. லயத்தை ஒட்டி ஆயாக்கொட்டகையும் கோயிலும் பள்ளியும் கள்ளுக்கடையும் இடுகாடும் அமைந்தன. ஓர் ஊர்க்கு வேண்டிய யாவும் அங்கிருந்தன. நிலம் ஒன்றே ஊராருக்கு உரியதாக இல்லை.

வீடு இலவசம் என்பது அன்றைய வழக்கு. அவ்வழக்கினுள் ஒரு கணக்கு மறைந்திருந்தது. வீடும் நீரும் இலவசமாகத் தரப்படுகின்றன என்பது தாழ்ந்த கூலிக்கு நெடுங்காலம் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. நாடு முழுமைக்குமான குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட்டாக அமைந்தது. அதற்கு முந்திய தலைமுறைகள் வீட்டின் மதிப்பைக் கூலியிற் கழித்துக்கொண்டே உழைத்தன. கூலியில் கழிக்கப்பட்ட பொருளைக் கொடை என்று கூறுதல் பொருந்தாது. அது கையிற் கொடாது கூரையாகக் கொடுக்கப்பட்ட ஊதியம்.

சட்டமும் இவ்வீட்டின் தரத்தைக் கவனிக்காமல் இருக்கவில்லை. தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்து 1966இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1990இல் அதனினும் விரிவான சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. அச்சட்டமும் 2019இல் திருத்தப்பட்டது. அறையின் அளவு, நீர், கழிப்பிடம், குழந்தைகள் காப்பகம் முதலியன பற்றி இச்சட்டங்கள் பேசின. வேலையிலிருக்கும் வரை வீடு எவ்வாறிருக்க வேண்டும் என்பதே அவற்றின் கருத்து. வேலை முடிந்த மறுநாள் அத்தொழிலாளி எங்கே செல்வார் என்னும் கேள்வி அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டதாக நின்றது.

உழைப்போடு பிணைந்த வீட்டின் குறை இதுவே. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு என்றிருந்த காலத்தில், கை தளர்ந்து வீடு மிகவும் தேவைப்படும் வேளையிலேயே வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. அதனைத் தவிர்க்கப் பெற்றோர் ஒரு வழி கண்டனர். பிள்ளைகளுள் ஒருவரையேனும் தோட்ட வேலையில் சேர்த்தனர். பள்ளியை விட்டுப் பால்வாளி சுமந்த சிறுவர் பலரது கதைக்குப் பின்னே, வீட்டைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டிய நெருக்கடி இருந்தது. ஆசிரியர் அதனைப் படிப்பில் அக்கறையின்மை என்று எண்ணியிருக்கக்கூடும். அக்குடும்பமோ ஒரு பிள்ளையின் கல்வியைக் கொடுத்து எஞ்சியோரின் கூரையைக் காத்தது.

மேலும், லயத்தில் வாழ்ந்தவர் தம் வீட்டுக்கு வருவோரையும் நிருவாகத்தின் எல்லைக்குட்பட்டே வரவேற்க முடிந்தது. தனியார் நிலத்தில் வெளியார் நுழைவதற்கு நிருவாகத்தின் இசைவு வேண்டும். விருந்தோம்பலைக் குடிப்பெருமையாகப் போற்றிய இனம், பிறர் இசைவோடு விருந்தோம்பியது.

தோட்டம் நகரான போது

முதல் இடி 1950களில் விழுந்தது. விடுதலையை எதிர்நோக்கிய ஐரோப்பிய நிறுவனங்கள் சில தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டுதுண்டாகப் பிரித்து விற்றனர். இத்தோட்டத் துண்டாடலை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் உங்கு அசீஸ், 1951 முதல் 1960 வரையிலான நிலையை விரிவாக எழுதினார். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்களை நாடு அப்போதுதான் கண்டது. துன் வீ.தி. சம்பந்தனின் முயற்சியால் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளி செலுத்திப் பங்காளராயினர். சங்கம் முதன்முதல் வாங்கிய தோட்டம் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் என்பது இம்மாநிலத்தார் பெருமையுடன் நினைவுகூரத் தக்கது.

இரண்டாம் இடி மெல்ல விழுந்தது. இரப்பர் விலை தாழ, செம்பனை பரவியது. செம்பனைக்கு ஆட்கள் குறைவாகவே தேவைப்பட்டனர்; அவ்விடங்களுக்கும் அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். நகரங்கள் விரிந்தன. சுங்கைப்பட்டாணியும் பீடோங்கும் வளர, கோலமூடா மாவட்டத்து நிரைகள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மரம் சாய்ந்தபோது லயமும் சாய்ந்தது. இழப்பீட்டுத் தொகை கையில் வந்தது. அது ஒரு வீட்டின் முன்பணத்திற்கும் போதாத நிலை பலருக்கு இருந்தது. சென்றவர் சிலர் நகரோரத்தில் புறம்போக்கு நிலத்தில் குடிசை அமைத்தனர். தோட்டத் தொழிலாளி என்று அழைக்கப்பட்டவர், சட்டத்தின் கண்ணில் அத்துமீறிக் குடியேறியவர் ஆனார்.

சட்டம் இங்கு ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பு பதிவுபெற்ற உரிமையையே உரிமையாகக் கொள்கிறது. எத்துணை ஆண்டுகள் ஒருவர் ஒரு நிலத்தில் குடியிருந்தாலும் அக்குடியிருப்பு மட்டுமே பதிவுரிமையை அழிக்காது என அதன் 341ஆம் பிரிவு உரைக்கிறது. பேராக் மாநிலத்து அரசு நிலத்தைப் பற்றிய வழக்கொன்றில், புறம்போக்குக் குடியினருக்குச் சட்டத்தின்படியோ சமநீதியின்படியோ உரிமையில்லை எனக் கூட்டரசு நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. வீடின்றித் தெருவுக்கு வந்துவிட்டவர்க்கு 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் உண்டு; அவரைக் காப்பகத்திற்கு அனுப்ப அது வழிசெய்கிறது. தெருவுக்கு வருமுன் அவரைத் தடுத்து நிறுத்துவது அச்சட்டத்தின் நோக்கமன்று.

மூன்று தடைகளும் விடைகளும்

இந்நிலையில் குடியிருந்தோருக்கு உரிமையுண்டு என்று வாதிடுவோர் மூன்று தடைகளுக்கு விடை கூறியாதல் வேண்டும். அவற்றை எளிதிற் புறந்தள்ளுதல் நேர்மையாகாது.

முதலாவது, உடைமை பற்றியது. விலை கொடுத்து வாங்கிய நிலத்தைத் தம் விருப்பப்படி பயன்படுத்தும் உரிமை உடையவர்க்கு இல்லையெனில், எவருடைய பொருளுக்கும் காப்பிராது. ஏழையின் சிறு நிலமும் அவ்வாறே பறிபோகும். இவ்வாதம் வலியது. ஆயின் அது முழுமையானதன்று. தேசிய நிலச் சட்டத்தொகுப்பு நிலத்தை வேளாண்மை, கட்டடம், தொழில் என மூவகைப்படுத்துகிறது. வேளாண்மைக்கென அளிக்கப்பட்ட நிலத்தில் நகரெழுப்ப விரும்புவோர் மாநில அரசின் இசைவைப் பெறவேண்டும். 1976ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின்படி ஊராட்சி மன்றத்தின் அனுமதியும் வேண்டும். அவ்விசைவு கிடைத்தவுடன் அதே மண்ணின் விலை பன்மடங்கு உயர்கிறது. அவ்வுயர்வை உண்டாக்கியது உடையவரின் உழைப்பன்று. பொதுமக்களின் பெயரால் இயங்கும் அரசின் ஒரு கையொப்பமும், அருகே வந்த சாலையும், வளர்ந்த நகரமுமே. பொதுமக்கள் உண்டாக்கிய மதிப்பில் ஒரு பகுதியைக் கொண்டு, அந்நிலத்தில் வாழ்ந்தோருக்கு வீடு அமைக்குமாறு பணிப்பது உடைமையைப் பறிப்பதாகாது. இசைவு தருவோர் விதிக்கத்தக்க நேரிய நிபந்தனையே அது.

இரண்டாவது தடை, கணக்குத் தீர்ந்தது என்பது. கூலி கொடுக்கப்பட்டது, வருங்கால வைப்புநிதி செலுத்தப்பட்டது, இழப்பீடும் வழங்கப்பட்டது, இனி என்ன கடன் உண்டு என்பர். வீடு கூலியின் ஒரு பகுதி என்பது முன்னர்க் காட்டப்பட்டது. பணமாகத் தந்திருந்தால் சிறுகச் சேர்த்து வேறிடத்தில் மனை வாங்கியிருப்பர். கூரையாகத் தந்ததால் சேமிக்கும் வாய்ப்பு அவர்க்கு இல்லாதுபோயிற்று. அறுபது ஆண்டுக் காலம் மூன்று தலைமுறைகள் ஒரு வீட்டில் ஊதியமாக வாழ்ந்து, முடிவில் வெறுங்கையோடு வெளியேறுமாயின், கணக்கில் எங்கோ ஒரு வரி விடுபட்டுள்ளது என்பது தெளிவு.

மூன்றாவது தடையே அறத்தின்பாற் பெரிது. வறியவர் தோட்டத் தமிழர் மட்டுமோ? நெற்கழனி உழவரும், மீனவரும், சிறுதோட்டக்காரரும் வீடின்றி வாடவில்லையோ? ஓரினத்தாருக்கென உரிமை கேட்பது ஏனையோர்க்கு அநீதியாகாதோ? 1974ஆம் ஆண்டில் கெடாவின் பாலிங்கில், விலைவீழ்ச்சியால் வாடிய மலாய்ச் சிறுதோட்டக்காரர் திரண்டெழுந்தனர். அவர் வெட்டியதும் அதே பால்மரமே. அவ்வாண்டிலேயே ஜொகூரின் தாசேக் உத்தாராவில் ஏழைமக்களின் குடிசைகள் இடிக்கப்பட்டபோது பல்கலைக்கழக மாணவர் அவர்க்காகக் குரல்கொடுத்தனர். வறுமைக்கு மொழியில்லை என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளே போதிய சான்று. ஆகவே இங்குக் கோரப்படுவது தமிழர் என்பதற்கான உரிமையன்று. வாழ்ந்தவர் என்பதற்கான உரிமை. ஓரிடத்தில் நெடுங்காலம் வாழ்ந்து உழைத்தவரை அவ்விடத்திலிருந்து அகற்றுமுன் அவர்க்கு மாற்று வீடு அமைந்திருத்தல் வேண்டும் என்னும் விதி எவ்வினத்தாருக்கும் பொருந்தும். எல்லார்க்கும் பொருந்தாத நெறியைத் தமிழர் தமக்கென மட்டும் கேட்பாராயின், அது நெறியாகாது, சலுகையாகும்.

திட்டமும் வாக்கும்

மாற்று வீடு தருவதற்கு நாட்டில் வழியே இல்லை என்று கூறமுடியாது. வீடமைப்பாளர் தாம் கட்டும் வீடுகளில் நூற்றுக்கு முப்பதை மலிவு விலை வீடுகளாகக் கட்டவேண்டும் என்னும் கொள்கை 1980களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்டது. 1982இல் அவ்வீட்டின் விலை 25,000 ரிங்கிட்டுக்கு மேற்படலாகாது எனவும், மாத வருமானம் 750 ரிங்கிட்டுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அது உரியது எனவும் வரையறுக்கப்பட்டது. 1998இல் நிலத்தின் மதிப்புக்கேற்ப 42,000 ரிங்கிட் வரை விலையை உயர்த்த இடந்தரப்பட்டது. மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மாதம் 124 ரிங்கிட் வாடகைக்கு அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன.

இவை நற்பணிகள் என்பதில் ஐயமில்லை. ஆயின் ஐம்பத்தைந்து வயதில் வேலையிழந்தவர்க்கு வங்கி கடன் தருவதில்லை. பட்டியலில் பெயர் பதிந்து காத்திருப்பவர்க்கு இடையிலுள்ள ஆண்டுகளில் தங்க இடமில்லை. வீடு கிடைத்தபோதும் அது பள்ளிக்கும் கோயிலுக்கும் உறவினர்க்கும் தொலைவாக அமைந்துவிடக்கூடும். ஊரை எண்ணாமல் வீட்டை மட்டும் எண்ணிய திட்டம் கூரையைத் தந்து குடியைக் கலைக்கிறது. பினாங்கின் கம்போங் புவா பாலா 2009இல் இடிக்கப்பட்டது இதற்கோர் எடுத்துக்காட்டு. மாடுகளும் மரங்களும் சூழ வாழ்ந்த அச்சிற்றூரின் குடும்பங்கள் பலவற்றுக்கு மாற்றாக இரண்டு மாடி வரிசை வீடுகள் தர உடன்பாடு ஏற்பட்டது. விலை மதிப்பில் அவ்வீடுகள் உயர்ந்தவை என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் மாடு கட்டும் தொழுவத்தை வரிசை வீட்டில் அமைக்க இயலாது.

தமிழ்ப்பள்ளிகளின் கணக்கும் இதனையே உரைக்கிறது. விடுதலையின்போது எண்ணூற்றுக்கு மேற்பட்டிருந்த அப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. சிறு பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டதும் இதற்கொரு காரணம். ஆயினும் பெற்றோரின் வீடு இடம்பெயர்ந்தபின் பள்ளி ஆளின்றி நின்ற இடங்கள் பல. வீடமைப்பு என்பது பொறியாளரின் வேலை என்றெண்ணும் தமிழாசிரியர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். தம் வகுப்பறையின் வருகைப் பதிவேடும் ஊராட்சி மன்றத்தின் நிலப்பட வரைவும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

அவ்வரைவு யார் கையில் உள்ளது? முன்னொரு காலத்தில் ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் உண்டு. 1965இல் அது நிறுத்திவைக்கப்பட்டது. அம்மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்திற்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர். செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் மீண்டும் நடைபெறவேண்டும் என்பதே 1968இல் அவ்வாணையம் அளித்த அறிக்கையின் கருத்து. அது ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்திற்குப்பின் மன்ற உறுப்பினர் மாநில அரசால் நியமிக்கப்பட்டே வருகின்றனர். ஓர் ஊரில் எங்கே வீடு எழும், எங்கே பள்ளி நிற்கும், எங்கே இடுகாடு அமையும் என்பனவற்றைத் தீர்மானிப்போரை அவ்வூரார் தேர்ந்தெடுப்பதில்லை. தோட்டம் தனியார் நிலமாயிருந்த காலத்தில் நிருவாகம் தீர்மானித்தது. நகரான பின்னர் மன்றம் தீர்மானிக்கிறது. இரண்டிலும் குடியிருந்தோர் கேட்கப்படவில்லையாயின் மாறியது மண்ணின் பெயர் ஒன்றே.

இருப்பினும் ஒரு கதவு திறந்தே உள்ளது. வட்டாரத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும், மறுப்புரைகளை எழுத்தாற் பெறவேண்டும் என்று திட்டமிடல் சட்டம் கூறுகிறது. அறிவிப்பு வருகிறது; காலக்கெடு முடிகிறது; படித்தறிந்து ஊரார்க்கு எடுத்துரைப்பார் இல்லாமையால் மறுப்புரை செல்வதில்லை. ஓர் அறிவிப்பைப் படித்துப் பொருள் கூறுவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. கற்றவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதை ஈந்தாற் போதும்.

கொடையும் கூட்டுறவும்

சமூக மேம்பாட்டுக்கெனப் பொதுநிதி ஒதுக்கப்படும் காலம் இது. 2018இல் மித்ரா எனப் பெயர்பெற்ற இந்தியர் உருமாற்றப் பிரிவுக்கு ஆண்டுதோறும் 100 மில்லியன் ரிங்கிட் அளவில் ஒதுக்கீடு செய்யப்பட்டு வந்தது. இத்தகைய நிதி எவ்வாறு செலவிடப்படவேண்டும் என்பதில் ஓர் அறநெறி உண்டு. பெற்றவரை அடுத்த ஆண்டும் கையேந்த வைப்பது ஒருவகைச் செலவு. மீண்டும் கையேந்தாதவாறு நிற்கச் செய்வது மற்றொரு வகை. பண்டிகைக் காலத்து உணவுப்பொட்டலம் பசியைத் தீர்க்கும். அது வேண்டாமென்று எவரும் கூறார். ஆயினும் ஒரு குடும்பத்தின் வீட்டு முன்பணத்திற்கு உதவும் சிறுதொகை, இரு தலைமுறைகளைக் கொடுக்கும் நிலைக்கு உயர்த்துகிறது. எவ்வாறு செலவிடப்பட்டது என்று கேட்கும் உரிமையும் நிதிக்குரிய மக்களுக்கு உண்டு. கணக்குக் கேட்பது நன்றி மறத்தலாகாது.

நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வரலாறு இங்கு இரு பாடங்களைத் தருகிறது. பத்து வெள்ளி பெருந்தொகையன்று. ஆயினும் அன்றைய நாட்கூலியில் அதனை ஒதுக்கியவர் பல வேளை உணவைக் குறைத்தே ஒதுக்கினர். எவரும் கொடுப்பார் என்று காத்திராமல், தாமே சேர்ந்து தோட்டங்களை வாங்கிய மக்களை உரிமையறியாதவர் என்று கூறமுடியாது. மற்றொரு பாடமும் உண்டு. தோட்டத்தில் பங்குரிமை வேறு. தாம் வாழும் மனைமீது பெயர் பதிந்த உரிமை வேறு. முன்னது வாழ்வுக்குத் துணை. பின்னதே முதுமைக்கு அரண். இலங்கை மலையகத் தமிழர் லயன் அறைகளிலிருந்து தனி வீட்டுக்கு மாறும் முயற்சியில், குடும்பத்திற்கு ஏழு பேர்ச் நிலமும் அதற்குரிய உறுதிப்பத்திரமும் வேண்டும் என்று வற்புறுத்தியதும் இவ்வுண்மையை உணர்ந்தேயாகும். கடல் இடையிட்டாலும் இரு நாட்டுத் தொழிலாளரின் பட்டறிவும் ஒன்றே: பெயர் எழுதப்படாத வீடு பிறருடைய வீடு.

முடிபு

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இப்போது தெளிவாகிறது. நிலத்தை வாங்கியவர்க்கு உரிமை உண்டு. வாழ்ந்தவர்க்கும் உரிமை உண்டு. முன்னது பதிவேட்டில் எழுதப்பட்டது, பின்னது எழுதப்படாதது. எழுதப்படாமையால் அது இல்லையாகிவிடாது. எழுதாமல் விட்டது சமுதாயத்தின் குறை. நீதிமன்றம் எழுதப்பட்டதைக் கொண்டே தீர்ப்புக் கூறும். அதனைக் குறைகூறுவதிற் பயனில்லை. எதனை எழுதவேண்டும் என்று முடிவு செய்யும் இடம் சட்டமன்றமும் ஊராட்சி மன்றமும் ஆகும். தோட்டம் நகராக இசைவு கேட்டு விண்ணப்பிக்கும் நாளிலேயே, அங்கு வாழ்வோரின் பெயர்ப்பட்டியலும் அவர்க்குரிய வீடுகளின் இடமும் அவ்விண்ணப்பத்தோடு இணைக்கப்பட வேண்டும் என்னும் ஒரு விதி, பல்லாண்டுப் போராட்டங்களைத் தேவையற்றதாக்கும்.

மெர்போக் மலைச்சாரலில் கல்லைச் சுமந்தவர் பெயரை வரலாறு அறியவில்லை. அவரது வீட்டின் சுவடும் மறைந்தது. அக்காலத்தார்க்கு அதனைக் காக்கும் வழி தெரியாமல் இருந்திருக்கலாம். அதே மண்ணில் பால்மரம் வெட்டியோரின் பெயர்கள் பிரட்டுப் புத்தகத்திலும், பள்ளிச் சேர்க்கைப் பதிவிலும், கோயில் வரிக்கணக்கிலும் இன்னும் உள்ளன. அவர்களுள் பலர் உயிரோடும் உள்ளனர். அப்பெயர்களை நிலப்பதிவேட்டிற்குக் கொண்டுசேர்க்கக் காலம் இன்னும் முற்றும் கடந்துவிடவில்லை. அது நிகழும் நாளில், தம் பெயரெழுதிய வாயிலில் நின்று, எவர் இசைவும் வேண்டாது, அம்முதியோர் விருந்தினரை உள்ளே அழைப்பர். இல்லறம் என்று தமிழ் கூறியது அங்கேதான் தொடங்குகிறது.